மஞ்சள் சொண்டுக் காகம்

ஜூன் 10, சனி

பிரஷர் காலையில் நூற்றைம்பத்திரண்டு. கீழ் இலக்கத்தைப் பார்ப்பதற்குள் மெஷின் அணைந்துவிட்டது.

இந்தக் கொப்பி டாக்டர் தந்தது. காலையும் பின்னேரமும் மெஷினில் வருகிற இலக்கத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டு இலக்கம் எழுத இவ்வளவு பெரிய ஒற்றைத்தாள் எதற்கு? மிச்ச இடத்தில் நான் என் பாட்டை எழுதுகிறேன். அந்த வெள்ளைக்கார மனுசனுக்குத் தமிழ் எழுத்து புழு ஊர்ந்த மாதிரித்தான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் மறித்துவிட்டார்கள். மறித்தது என் ஐயா. அதையும் நான் மறக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் டேப்லட்டைக் காணவில்லை. பேத்தி மிதுஷா எடுத்துப் போயிருக்கிறாள். அப்டேட் செய்யவேண்டுமாம், இரண்டு மூன்று நாள் ஆகுமாம். எனக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே வேலை, காலைத் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல் பார்ப்பதுதான். எந்த ஊர், யாருடைய தாய், யாரைக் கட்டியவர், படத்தில் போட்டிருக்கிற சங்கிலி யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கத்தான் தேத்தண்ணி இறங்கும். இன்று யார் செத்தார் என்று தெரியாமல் குடித்தேன். வாயில் ஒட்டவில்லை.

சனிக்கிழமை என்றால் மகன் குலம் தமிழ்க்கடையில் மீன் வாங்கி வருவான். இன்று மீன் இல்லை. கத்தரிக்காயும் பருப்பும். ஏன் என்றேன். மீன் நல்லாயில்லை மாமி என்றாள் மருமகள் வதனி. ஐஸில் கிடந்து கல்லான அறக்குளாவைப் புது மீன் என்று எனக்கு ஆக்கித் தந்தவள் சொல்கிறாள்.

பின்னேரம் சாமிக்கு விளக்குக் கொளுத்தப் போனால், வேண்டாமாம். புகை பிடித்தால் மணி அடிக்குமாம், ஃபயர் பிரிகேட் வந்துவிடுமாம். பன்னிரண்டு வருசமாக அடிக்காத மணி. பற்றரி விளக்கொன்றை முருகனுக்கு முன்னால் வைத்திருக்கிறாள். அதையும் போடாமல் வைத்திருக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவார்கள்.

ஜூன் 11, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. கார் சரியில்லையாம். சரியில்லாத காருக்குள் குலம் காலை தொடக்கம் இருந்து போன் பேசிக்கொண்டிருந்தான். பல்கனியில் நின்று பார்த்தேன். மேலே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. பூந்தூள் அம்மா, பூப் பூக்கிற மாசத்தில கண் இப்பிடித்தான் கடிக்கும் என்றான். அவனுக்கு ஒரு வருசமும் பூந்தூள் வந்ததில்லை. வதனிக்குத்தான் வரும்.

இப்போது எழுதாவிட்டால் பிறகு யாராவது மாற்றிச் சொல்லுவார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஈஸ்டர் லீவில் குலம் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தான். சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஒருக்கால் வந்து பாருங்கோவன் என்றான். சித்தப்பா என்று அவன் சொல்லுவது என் மனுசனின் தம்பி கனகசபையை. எங்களுக்குக் கனகு. இருப்பது இங்கேதான், ரயிலில் அரை மணித்தியாலம். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு நாளும் அவன் வீட்டுப் படி ஏறவில்லை. அவனும் என் கண்ணில் படவில்லை. படாமல் பார்த்துக்கொண்டான்.

நான் அராலிக்குக் கலியாணம் முடித்து வந்தபோது கனகு அரைக் காற்சட்டைப் பெடியன். தாய் இல்லை. அவன் உடுப்பைத் தோய்த்தது நான், தலையில் பேன் பார்த்தது நான், சோறு போட்டது நான். பாகற்காய் என்றால் அவனுக்கு உயிர் போகும். தின்றுவிட்டேன் என்று கோப்பையைக் காட்டுவான். உடுப்புத் தோய்க்கும்போது சட்டைப் பொக்கற்றுக்குள் வட்ட வட்டமாகப் பாகற்காய் இருக்கும்.

அப்படி வளர்த்தவன்தான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு குலத்தின் அப்பா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அப்போது குலம் இங்கே கனகு வீட்டில். அகதி விசா, வர வழியில்லை. என் தம்பி டவுனுக்குப் போய் நின்று, வரிசையில் காத்து, கனகுவுக்குப் போனில் சொன்னான். நான் பொடியனுக்குச் சொல்லுறன் என்றானாம் கனகு. சொன்னானா? அவன் மகள் பெரியபிள்ளையாகி அடுத்த கிழமை சாமத்தியவீடு. மண்டபம் பிடித்தாயிற்று, சனத்துக்குச் சொல்லியாயிற்று. செத்தவீட்டுத் துடக்கு என்றால் எல்லாம் நிற்கும். வாயை மூடிக்கொண்டு சாமத்தியவீட்டை நடத்தினான். முடிந்த பிறகுதான் குலத்துக்குச் சொன்னான். பொடியன் கவலைப்படுவான் எண்டு மறைச்சனான் என்று எனக்கு விளக்கம் எழுதினான்.

ஊரிலிருந்து போன யாரோ திரும்பி வரும்போது அந்த வீடியோக் கசற்றையும் கொண்டுவந்தார்கள். வீடு வீடாக ஓடியது. நானும் பார்த்தேன். குலம் தட்டம் தூக்கிக்கொண்டு வருகிறான். கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மேல் உதட்டில் மீசை வடிவாக இருக்கிறது. தகப்பனைச் சுடலைக்குக் கொண்டுபோனது என் தம்பி. கொள்ளி வைத்தது என் தம்பி. மகன் மீசையோடு தட்டம் தூக்கினான், தெரியாமல்.

குலம் அவனை மன்னித்துவிட்டான். அது அவன் பாடு. ஈஸ்டரில் நான் சொன்னது இதுதான்:

“கனகுவுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. உன்னைத்தான் கேப்பினம். அவனுக்கு நீ கொள்ளி வைச்சா, எனக்கு வைக்க வராதை.”

குலம் எழும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் கனகுவின் பேச்சு இல்லை.

பிரஷர் பின்னேரம் நூற்றறுபது.

ஜூன் 12, திங்கள்

மழை. பருப்பும் பூசணிக்காயும்.

ஜூன் 13, செவ்வாய்

வதனி காலையில் வந்து சிரித்தாள். வியாழக்கிழமை மலைக்குப் போவோமா மாமி, கேபிள் காரில், உச்சிக்கு, பனி பார்க்கலாம் என்றாள்.

கனடாவிலிருந்து குலத்தின் சிநேகிதர் குடும்பம் வந்தபோது எல்லோரும் அந்த மலைக்குப் போனார்கள். நானும் வரட்டோ என்று கேட்டேன். பிரஷர்காரருக்கு உயரம் கூடாது என்றார்கள். ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பைக்கற் மரி பிஸ்கற்றும் வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது உயரம் கூடுமாம். டாக்டரைக் கேட்டார்களாம்.

குலம் வரவில்லை. வேலையாம். மிதுஷாவுக்குப் பள்ளிக்கூடம் லீவாம். வியாழக்கிழமையில் என்ன லீவு என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது, காது சிவக்கும். விட்டுவிட்டேன்.

பின்னேரம் நிலவறைக்கு இறங்கினேன். இந்த வீட்டுக் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்க முறை வைத்திருக்கிறார்கள். எங்கள் முறை வெள்ளிக்கிழமை. செவ்வாய் எரித்திரியாக் குடும்பத்துக்கு. அவர்களுடைய முறையில், கொடியின் கடைசியில் குலத்தின் வெள்ளை வேட்டியும் சால்வையும் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்ணிடம் இரந்து கேட்டு வதனி போட்டிருக்கவேண்டும்.

எடுத்து மடித்து வைத்தேன். கரை முறியாமல் வேட்டி மடிக்க வதனிக்குத் தெரியாது.

ஜூன் 14, புதன்

நாளைக்கு மலை. கம்பளிச் சட்டையை எடுத்து வைத்தேன்.

குலம் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். இரண்டு தரம் மீசையைத் தடவினான்.

ஜூன் 15, வியாழன்

பிரஷர் பார்க்கவில்லை. மெஷினை வதனி தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மலையில் தேவைப்படும் என்றாள்.

விடியக் குலம் என் அறை வாசலில் வந்து நின்றான். நின்றது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். திறந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். நான் ஏன் திறக்கவேண்டும்? கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். சவர்க்கார வாசம் வந்தது. தலை முழுகியிருக்கிறான்.

வதனிதான் கார் ஓடினாள். சரியில்லாத கார் நன்றாகவே ஓடியது. மலையின் பெயர் என் வாயில் நுழையாது, ஹோர்ன் என்று முடியும். அடிவாரத்தில் பெரிய மண்டபம், ரயில் ஸ்டேஷன் மாதிரி. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது ஐம்பது சனத்தை ஆடு அடைக்கிற மாதிரி அடைத்தார்கள். எனக்கு மட்டும் ஒரு மடக்குக் கதிரை இருந்தது. வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி எழும்பித் தந்தாள். என்னைவிட மூத்தவள், கையில் இரண்டு ஊன்றுதடி, காலில் மலையேறுகிற சப்பாத்து. மேலே போய் நடக்கப் போகிறாளாம். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இருந்தேன்.

பெட்டி தரையை விட்டது. வயிறு கீழே நின்றுவிட்டது, நான் மட்டும் மேலே போனேன். கீழே மாடுகள் மணி கட்டி மேய்ந்தன, பிறகு மாடுகள் எறும்பாயின, பிறகு பச்சையே இல்லை, கல்லுத்தான். தூணைத் தாண்டும்போது பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எல்லோரும் ஓவென்று சத்தம் போட்டுச் சிரித்தார்கள். காசு கொடுத்துப் பயப்பட ஏறுகிற சனம். நாங்கள் சும்மாவே பயந்த ஆட்கள்.

நடுவழியில் எதிர்ப்பக்கமாக இன்னொரு பெட்டி இறங்கி வந்தது. ஒன்று இறங்குகிற பாரத்தில்தான் மற்றது ஏறுகிறது என்று மிதுஷா சொன்னாள். அந்தப் பெட்டியில் முகங்கள் கிட்ட வந்தன, ஒருவன் கை காட்டினான், போய்விட்டார்கள். வதனி என் கையைப் பிடித்திருந்தாள்.

உச்சியில் ஒரு ரெஸ்ரோரன்ட், ஒரு பெரிய மேடை, கம்பி வேலி, கொடி. வேலியோரம் ஒரு தகட்டில் சுற்றியுள்ள மலைகளின் பெயரெல்லாம் எழுதியிருந்தது. மிதுஷா ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள். எல்லாம் பல்லுக் காட்டினது போல ஒரே வெள்ளை. மேடையின் ஓரத்தில் ஊத்தைப் பனி குவிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் இருப்பதுதான். இதற்குத்தான் என்னை அன்றைக்குப் பிளாஸ்கோடு விட்டுவிட்டுப் போனார்கள்.

மூச்சு வாங்கியது. ரெஸ்ரோரன்ட் பின்சுவரோரம் வெயில் விழுகிற வாங்கில் என்னை இருத்திவிட்டு, இரண்டு பேரும் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள். போகும்போது வதனி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு தமிழ் முகமும் இல்லை. அவளுக்கு நிம்மதி. என்ன செய்வது, இந்த நாட்டில் எந்தக் குசினிக்குப் பின்னாலும் ஒரு கதவு இருக்கும் என்பதை அவள் மறந்துபோனாள்.

அந்தக் கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரன் கட்டின ஒருவர் சிகரெட்டோடு வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். என் பொட்டையும் சேலையையும் கம்பளிச் சட்டையையும் பார்த்தார். சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது எனக்குப் பிடித்தது.

“அம்மா எந்த இடம்?”

அராலி என்றேன்.

“அராலியோ. அப்ப கனகசபை அண்ணையின்ர ஆக்களாயிருக்கும். இண்டைக்கெல்லே அவரை எடுக்கினம். ரண்டு மணிக்கு. எனக்கும் போகவேணும், முதலாளி லீவு தரேல்லை. பாவம், பெட்டைப் பிள்ளை மட்டும்தானே. அண்ணன்ர மகன் கொள்ளி வைக்கிறாராம்.”

“ஓம், கேள்விப்பட்டன்” என்றேன்.

“நீங்கள் போகேல்லையோ?”

“எனக்கு மலை பாக்கவேணுமெண்டு ஆசை.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கோப்பையில் சூப்பும் இரண்டு துண்டு பாணும் கொண்டுவந்து வைத்தார். இறைச்சி போடாத சூப் அம்மா, செத்த நாளெல்லே என்றார். அந்த மனுசனுக்குத் தெரிந்தது, துடக்குக்காரியிடம் எதைக் கொண்டுவரவேண்டும் என்று. கீழே போகிற பெட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அரை மணிக்கொன்று போகும், இப்ப வெளிக்கிட்டாலும் கார் இருந்தால் மண்டபத்துக்குப் போயிடலாம் என்றார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

வாங்கில் தனியே இருந்தேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். நல்லது நடந்தால் சொல்லித்தான் போகவேண்டும். கெட்டது நடந்தால் சொல்லாமலே போகவேண்டும். எத்தனை வருசக் கோபமானாலும் செத்தவீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம், ஒருவரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். அதற்குப் பிறகு கோபம் தீர்ந்ததாகக் கணக்கு. போனால் தீரும். போகாவிட்டால் தீராது.

அப்போது ஒரு காகம் வந்து வாங்கின் மற்றத் தலைப்பில் இருந்தது. கறுப்புத்தான், ஆனால் சொண்டு மஞ்சள், கால் சிவப்பு. ஊர்க் காகம் போலக் கரையவில்லை, விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தலையைச் சரித்து என் பாணைப் பார்த்தது. கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது.

சூ என்றேன். உனக்கில்லை என்றேன்.

போகவில்லை. பொக்கற்றுக்குள் மறைத்துவிட்டு வெறுங் கோப்பையைக் காட்டுகிற முகம். நான் சூப்பைத் தூக்கி வாயில் வைத்த நேரம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை. அது எடுத்தது.

வதனியும் மிதுஷாவும் உருளைக்கிழங்குப் பொரியலோடு வந்தார்கள். சூப் எங்கால என்று வதனி கேட்டாள். இந்தக் கடையில் கிழவிகளுக்குச் சும்மா குடுக்கினம் என்றேன். நம்பினாள். முகம் வெளுத்திருந்தது. கையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“குளிருதோ மாமி? கீழ போவமோ? ரிக்கற் அஞ்சு மணி மட்டும் இருக்கு, அவசரமில்லை.”

கீழே போகலாம். போய் மண்டப வாசலில் நின்று, குலசேகரம் என்று முழுப் பெயர் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டால் போதும். அவன் கையில் இருக்கிறது விழுந்துவிடும். அத்தனை சனத்துக்கு முன்னாலும். கனகு கிடந்தபடியே கேட்டுக்கொண்டு கிடப்பான்.

“இருப்பம்” என்றேன். “காசு குடுத்து வந்தது.”

வதனி மூச்சு விட்டாள். அவளுக்கு நான் ஏமாந்த கிழவி.

இரண்டு மணிக்கு மிதுஷா வேலியோரம் போய் நின்றாள். தோள் குலுங்கியது. அவளுக்குக் கனகுவில் விருப்பம், சின்ன வயதில் அவன் தோளில்தான் திரிந்தவளாம், எனக்குத் தெரியாமல். பக்கத்தில் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டேன். பூந்தூள் அப்பம்மா என்றாள். சுற்றிவரப் பார்த்தேன். கல்லும் பனியும். ஒரு புல்லுக் கூட இல்லை.

எனக்கும் கண்ணில் தண்ணி வந்தது. அது காற்று. அந்த உயரத்தில் யாருக்கும் வரும்.

கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் இறங்கினோம். வீட்டுக்கு வந்தபோது குலம் குசினிக் கதிரையில் இருந்தான். மீசை இல்லை. மேல் உதடு வெளிறிப்போய், வேறு யாருடையதோ முகம் மாதிரி இருந்தது. பிளேட் வழுக்கிப் போச்சு, முழுக்க எடுக்கவேண்டியதாய்ப் போச்சு என்றான்.

தகப்பனுக்கு எடுக்காத மீசை.

சோறு போடட்டோ என்று கேட்டேன். ஓம் என்றான். போட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

தலை முழுகினேன். முருகன் படத்தையும் பிள்ளையார் படத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். பற்றரி விளக்கை மேசை லாச்சிக்குள் போட்டேன்.

வதனி எழும்பி வந்து பார்த்தாள். ஏன் மாமி என்றாள்.

“துடக்கு வீடெல்லே” என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் ஓடினாள். குலம் வந்தான். நேற்று ராத்திரி நித்திரை கொள்ளாத முகம். என் முன்னால் நிலத்தில் இருந்தான், பள்ளிக்கூட நாளில் அடி வாங்க வருகிற மாதிரி.

“ஆர் சொன்னது?”

“காகம்.”

“பகிடி விடாதையுங்கோ அம்மா. உங்களுக்குப் பிரஷர் ஏறுமெண்டுதான் மறைச்சனான்.”

“உன்ர சித்தப்பனும் இதைத்தான் சொன்னவன். பொடியன் கவலைப்படுவான் எண்டு. மறைக்கிற வித்தையை நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறான்.”

அவன் குனிந்துகொண்டான். சித்தப்பா செய்தது பிழைதான், கடைசிக் காலத்தில் அவரே அதைச் சொல்லி அழுதவர், ஆனால் இந்த நாட்டில் ஒருவரும் இல்லாத காலத்தில் தன்னை வைத்துச் சோறு போட்டவர் என்றான். மகள் காலில் விழாத குறையாக வந்து கேட்டாள் என்றான். எனக்கு எல்லாம் கேட்டது. கனகுவுக்குச் சோறு போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்” என்றேன்.

“கேட்டா விட்டிருப்பியளோ?”

“மாட்டன். ஆனா கேட்டிருக்கலாம்.”

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப உங்களுக்கு ஆர் வைக்கிறது?”

“இஞ்ச கொள்ளிக்குப் பட்டன்தானே அமத்துறது. வாறவன் போறவன் ஆரும் அமத்தட்டும். நீ அண்டைக்கு வதனியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போ. நல்ல சூப் குடுக்கினம்.”

எழும்பிப் போய்விட்டான். பிரஷர் நூற்று எண்பது. பார்த்தது வதனி, எழுதச் சொன்னதும் அவள்.

ஜூன் 19, திங்கள்

டேப்லட் திரும்பி வந்தது. அப்டேட் முடிந்ததாம்.

கனகுவின் அறிவித்தல் இன்னும் கிடக்கிறது. கோட்டும் டையும் போட்ட படம். வயது போயிருக்கிறான். தலைமயிர் இல்லை. நான் பேன் பார்த்த தலை. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்று வரிசையாகப் போட்டு, இன்னாரின் அன்பு மைத்துனர் என்ற இடத்தில் என் பெயர், சின்னத்தங்கம். என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள். அதுவும் அவன் பெண்சாதி புவனத்தின் தமையன் பெண்சாதிக்குப் பின்னால். மூத்த அண்ணி நான். முதலில் வரவேண்டிய பெயர்.

அன்பாம்.

ஜூன் 21, புதன்

ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நானும்தான்.

ஜூன் 23, வெள்ளி

நாளைக்குக் கனகு வீட்டில் எட்டுச்செலவு. எரித்த நாளிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள் நேற்றே முடிந்ததாம். சனிக்கிழமை வைத்தால்தான் சனத்துக்கு லீவு. எட்டுக்குச் செத்தவனுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து இலையில் படைப்பார்கள். உறவுக்காரரும் ஒவ்வொரு கறி கொண்டுபோவார்கள். வதனி கணவாய்ப் பிரட்டல் செய்யப் போகிறாளாம். கனகுவுக்குக் கணவாய் என்றால் பைத்தியம்தான்.

மிதுஷாவைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தால் வரும்போது தமிழ்க்கடைக்குப் போய் வா என்றேன். என்ன வாங்க என்று கேட்டாள். சொன்னேன்.

ஜூன் 24, சனி

விடிய எழும்பிச் சமைத்தேன். உப்பில் பிழிந்து கைப்பு எடுக்கவில்லை. பொரிக்கவில்லை. சீனி போடவில்லை. வட்டமாக வெட்டி, தேங்காய்ப்பாலில் அப்படியே விட்டு, புளி கொஞ்சம் கூட. கைப்பு வீடு முழுக்க மணந்தது.

வதனி வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள். இந்தக் கிழமையில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

“மாமி, சித்தப்பாவுக்குப் பாகற்காய் ஆகாதெண்டு இவர் சொல்லுறவர்.”

“தெரியும். மூடியைப் போடு.”

பாதியை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். இலையில் வைக்கச் சொன்னேன். ஓரத்தில் இல்லை, சோற்றுக்குப் பக்கத்தில். மூன்று பேரும் போனார்கள். நீங்களும் வாங்கோவன் என்று குலம் வாசலில் நின்று கேட்டான். இந்த முறை கேட்டான். இல்லை என்றேன்.

பின்னேரம் அவன் மட்டும் முதலில் வந்தான். வெறும் பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். இலையில் வைத்தபோது புவனம் பார்த்தாளாம். ஆர் வைத்த கறி என்று கேட்கவில்லையாம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். பிறகு என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தான். மேல் உதட்டில் எள்ளுச் சிந்தின மாதிரி மயிர் முளைத்திருந்தது. நரை கொஞ்சம் கூட.

“மீசையை வழிச்சுக்கொண்டு திரியாதை” என்றேன். “கெதியா வளர். என்ர முறைக்கு எடுக்க ஏதும் இருக்கவேணும்.”

நான் சோற்றைப் போட்டு, மிச்சப் பாதிக் கறியை அதன் மேல் விட்டேன். குனிந்தபடி பிசைந்தான். முகம் சுளிக்காமல் தின்றான்.